காட்டை எண்ணப் போன மகள்

"உன்ட மகள் எங்கட காணியக் காடு எண்டு எழுதிக் குடுக்கப் போறாளாம். மெய்தானா தம்பி?"

ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் விறாந்தையில் வைத்து என் மூத்த காக்கா கேட்ட கேள்வி இது. அவர் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அருகிலிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் எங்களைப் போல உன்னிச்சையிலிருந்து வந்தவர்கள்தான். "அவள் மரம் எண்ணுறாள் காக்கா, காணி எழுதல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது முழுப் பதில் அல்ல என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. மரத்தை எண்ணுவதும் காணியை எழுதுவதும் நம் நாட்டில் ஒன்றையொன்று தொடாத காரியங்கள் அல்ல. அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். கேள்வி எங்கள் குடும்பத்தோடு முடிந்துபோவதில்லை என்பதால் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன்.

உன்னிச்சை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை தாண்டிப் போக வேண்டும். பெரிய குளம், குளத்தின் கீழே வயல், மேட்டில் காடு. தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்பு அடுத்தடுத்து வயல் செய்த இடம். வாப்பா வயலோடு மேட்டில் சேனையும் செய்தார். சோளம், குரக்கன், கச்சான், பூசணி. உம்மா விறகுக்கும், பாலைப்பழக் காலத்தில் பழத்துக்கும் காட்டோரம் போவார். எந்த விறகு எரிந்தால் கண் எரியும், எந்த இலையை ஆடு தொடாது, யானை போன தடம் நேற்றையதா இன்றையதா என்பதெல்லாம் உம்மாவுக்குத் தெரிந்த அளவு வாப்பாவுக்குத் தெரியாது. வாப்பாவே அதை ஒத்துக்கொள்வார்.

1990இல் எனக்குப் பத்தொன்பது வயது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பது நாட்களில் ஏறாவூர். படுவான்கரை முஸ்லிம்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து சேர்ந்த ஆண்டு அது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழ் மக்களுக்கு நடந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் என் கணக்கு அரைக் கணக்காகிவிடும். நாங்கள் உடுத்த உடுப்போடு வந்தோம். காணிப் பத்திரம் வீட்டோடு போயிற்று.

2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. பயம் தெளிந்து நாங்கள் போய்ப் பார்க்க இன்னும் மூன்று வருடமானது. வயல் இருந்தது, வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். மேட்டில் எங்கள் வளவைக் காணவில்லை. காட்டைத்தான் கண்டோம். உம்மா அழவில்லை. பூத்துக் கிடந்த ஒரு கொன்றையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் உட்டுட்டு வரக்குள்ள இது இல்ல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் மௌத்தாகிவிட்டார்.

காணி யாருடையது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் கிழக்கில் குடி தாய்வழி. வீடும் வளவும் பெண்ணுக்குப் போவது ஊர் வழக்கம். அந்த மேட்டு நிலத்தை ஊரார் 'உம்மாவின் காணி' என்றே சொன்னார்கள். அரசாங்க அனுமதிப்பத்திரமோ வாப்பாவின் பேரில் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தாளர் வரிசையில் ஆண்களுக்கே முதலிடம் கொடுத்தது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆக, தாய்க்கென்று வழக்கம் வைத்த நிலத்தைச் சட்டம் எடுத்து மூத்த மகனுக்குக் கொடுத்தது. காக்கா இன்று காணிக்காக அலைவது அந்த முறையில்தான். அவர் பேராசைக்காரர் அல்ல. மூன்று பிள்ளைகள். நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்றான காத்தான்குடியில் அவர்களுக்குப் பங்கு வைக்க அவரிடம் ஒரு பேர்ச்சஸும் இல்லை.

அவருடைய பயமும் வீண் பயம் அல்ல. வெள்ளைக்காரன் 1840இல் கொண்டுவந்த 12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாவற்றையும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதென்று அனுமானித்தது. விட்டு விட்டுச் செய்யும் சேனை நிலத்துக்கும் அதே கதிதான். 1907இல் காட்டுச் சட்டம் வந்தது. முடி போய் அரசு வந்தாலும், நிரூபிக்கும் பாரம் விவசாயியின் தலையில்தான் இருந்தது. பத்திரம் எரிந்துபோனவன் எதைக் கொண்டு நிரூபிப்பான்?

முசலியில் நடந்ததை எல்லோரும் அறிவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து மன்னார் மாவட்டத்தின் தென்கோடிக்குத் திரும்பியவர்கள், மறிச்சுக்கட்டியிலும் கரடிக்குளியிலும் தங்கள் காணிகளில் காடு வளர்ந்திருக்கக் கண்டார்கள். 2012 ஒக்டோபரில் அப்பகுதி நிலம் காட்டு ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் மாவில்லு வனம் என்று இன்னோர் அறிவித்தல் வந்தது. இடையில், வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று நாடு முழுவதும் ஒரு கூக்குரல் எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு காட்டு ஒதுக்கத்தில் மீள்குடியேற்றத்துக்காக வெளியாக்கப்பட்ட இடங்களில் மீண்டும் மரம் நடும்படி தீர்ப்பளித்தது. சட்டத்தின்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் காடு ஏன் வளர்ந்தது, யாருடைய இல்லாமையில் வளர்ந்தது என்ற கேள்வியைக் கூக்குரலிட்டவர்கள் கேட்கவில்லை. காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் நெஞ்சில் கைவைப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பின்னணியில்தான் என் இரண்டாவது மகள் காட்டு ஆய்வுக்குப் போனாள்.

போர்க்காலத்தில் கைவிடப்பட்ட நிலங்களில் காடு எப்படி மீள்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் அவள் கள உதவியாளர். வேலை கேட்பதற்கு எளியது. வரைபடத்தில் கணனி எழுந்தமானமாகப் புள்ளிகளைத் தெரிவுசெய்யும். அந்த இடத்துக்குப் போய், இருபது மீற்றருக்கு இருபது மீற்றர் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் மரங்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். மரத்தின் பெயர், உயரம், கீழே முளைத்திருக்கும் கன்றுகள், மண். ஒரு கட்டத்தை முடிக்க அரைநாள் போய்விடும். காலையில் யானை இல்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே இறங்குவார்கள்.

முதலில் வந்த ஆட்சேபம் காணியைப் பற்றியதல்ல. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குக் காடு?" என்பதுதான். பயம் பொய்யல்ல. யானை மெய், தனிமை மெய், இரண்டுகால் மிருகங்களும் மெய். ஆகவே அவர்கள் நான்கு பேராகப் போகிறார்கள், மஃரிபுக்கு முன் வீடு வருகிறார்கள். ஆனால் பாதுகாப்பைப் பற்றிய கவலை எந்த இடத்தில் அறிவைத் தடுக்கும் பூட்டாக மாறுகிறது என்று நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடும் ஒவ்வொரு ஹாஜியாரும், ஆளற்ற பள்ளத்தாக்கில் தண்ணீர் தேடிய அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் காலடியில்தான் ஓடுகிறார். உம்மா விறகுக்குத் தனியே காட்டுக்குப் போனபோது யாரும் மார்க்கம் பேசவில்லை. பேத்தி நாடாவும் குறிப்பேடும் கொண்டு போனபோதுதான் பேசினார்கள். விறகு வீட்டுக்கு வருகிறது, அறிவு அவளிடமே தங்கிவிடுகிறது என்பதாலோ என்னவோ.

இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டார். "ஒரு பொம்புளப் புள்ள எழுதுறதை யார் ஏத்துக்குவான்?" கடன் கொடுக்கல் வாங்கலில் பெண்ணின் சாட்சியம் பற்றிய சட்டம் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் விளக்கம் ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் செய்தியை அறிவிப்பது வேறு துறை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஆணா பெண்ணா என்பது நிபந்தனை அல்ல. நேர்மையும் நினைவாற்றலும்தான் நிபந்தனை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். ஹதீஸ் அறிவிப்பாளர்களைத் தரம் பிரித்த இமாம் தஹபி, பொய்யுரைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண் எவரையும் தாம் அறியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதில் நம் பெண்களுக்கு ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் உண்டு. நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

இலங்கையில் காட்டை எண்ணும் வேலையைப் பேரளவில் தொடங்கியவர்களிலும் ஒரு பெண் முன்னால் நிற்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியை சாவித்திரி குணதிலக்க. கணவர் நிமல் குணதிலக்கவுடன் சேர்ந்து சிங்கராஜ வனத்தில் பல தசாப்தங்கள் உழைத்தவர். 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரம் வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்து வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது. 1993இல் அங்கே 25 ஹெக்டயர் நிலத்தைப் பிரித்து, ஒரு சென்ரிமீற்றர் விட்டத்தை எட்டிய ஒவ்வொரு தண்டுக்கும் இலக்கமிடும் வேலை தொடங்கியது. எண்ணி முடித்தபோது இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணுவார்கள். எது செத்தது, எது தடித்தது, எது புதிதாக வந்தது என்று பதிவார்கள். இதை வீட்டில் மகள் சொன்னபோது, என் மனைவி, "இரண்டு இலட்சத்தையும் ஒவ்வொண்டாத் தொட்டா?" என்று கேட்டாள். தொட்டுத்தான். காட்டைத் தூரத்தில் நின்று புகழ்கிறவருக்கும் ஒவ்வொரு மரத்தையும் தொட்டு அறிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

கணனி தெரிவுசெய்த புள்ளிகளில் ஒன்று எங்கள் மேட்டு நிலத்தில் விழுந்தது. மகள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். குளத்தையும் பழைய வண்டிப்பாதையையும் வைத்து நான் இடத்தைக் கண்டுகொண்டேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. அங்கே மரங்கள் எப்படி நிற்கின்றன என்பது எனக்குத் தெரியும். கைகள் இரண்டாலும் சுற்றிப் பிடிக்க முடியாத மரங்கள் உண்டு. கீழே இளம் பாலையும் வீரையும் முதிரையும் தலையெடுத்திருக்கின்றன. கொன்றையும் ஆத்தியும் வெப்பாலையும் முதலில் வந்து நிழல் போட, பறவை எச்சத்தில் வந்த விதைகள் அந்த நிழலில் எழும்பும். காடு அப்படித்தான் தன்னை எழுப்பிக்கொள்கிறது என்று மகளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கட்டத்தை அவள் அளந்தால் 'காடு' என்றுதான் வரும். அந்தத் தாள் எங்கே போகும், யார் கையில் எதற்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

காலையில் அவளிடம் சொன்னேன். "மகள், கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? இருநூறு மீற்றர். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். "வாப்பா, நமக்கு விருப்பமான இடத்துல எண்ணினா அது எண்ணுறதில்ல. ஒண்டை நான் நகத்தினா மத்த எல்லாம் பொய்யாப் போகும். வேணுமெண்டா இது எங்கட காணி எண்டு மேற்பார்வையாளருக்குச் சொல்லிட்டு நான் விலகுறன். வேற ஆள் அளக்கட்டும். ஆனா புள்ளிய நகத்த மாட்டன்."

அப்படியே அவள் சொல்லவும் செய்தாள். சொந்தக் காணி என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொருவர் கூடவே நின்று ஒவ்வோர் அளவையும் சரிபார்க்க, அளந்தாள்.

நான் வெட்கப்பட்டேன். ஐந்து வேளை தொழுகிற, முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிக் கட்டுரை எழுதக் கற்பித்த மனிதன் நான். தனக்கும் தன் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக முடிந்தாலும் நீதியின் சாட்சியாக நிற்கும்படி அல்லாஹு தஆலா முஃமின்களைப் பணிப்பது எந்த சூராவில்? சூரத்துன் நிஸாவில். 'பெண்கள்' என்று பெயர் பெற்ற அத்தியாயத்தில். எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அந்தக் கட்டளை என் வீட்டுக் குசினிக்குள் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

இருநூறு மீற்றர் பொய்யால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நம் வாவியோரக் கதையைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நடுவது பெரிய இயக்கமானது. எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்று பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நட்ட 23 இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நடப்பட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தேறியிருந்தது. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் நட்டது, நட்ட பின் கவனிக்காதது, மாடு மேய்ந்தது என்று காரணங்கள். நட்ட கணக்கு வேறு, நின்ற கணக்கு வேறு. 2015இல் நாட்டின் கண்டல்களை எல்லாம் பாதுகாக்கும் திட்டம் ஒன்று தொடங்கி, களப்பு ஊர்களின் 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் தருவது, அவர்கள் கண்டல்களைக் காப்பது என்று ஏற்பாடானது. நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பெண்களிடம் காவலை மட்டும் கொடுத்து, நின்றது எத்தனை செத்தது எத்தனை என்று சொல்லும் உரிமையைக் கொடுக்காவிட்டால், அவர்களும் பதாகையில் ஒரு படமாகவே முடிந்துபோவார்கள். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்க்கணக்கும் காட்டைக் காப்பாற்றவில்லை. நம் காணிக்காகச் சொல்லும் பொய்க்கணக்கு மட்டும் நம்மைக் காப்பாற்றுமா?

அளந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. மரங்களின் ஊர்ப் பெயர் சொல்ல உன்னிச்சையில் ஒரு தமிழ் அம்மா இவர்களோடு வருவார். எழுபது வயது இருக்கும். கட்டத்தின் ஓரத்தில் ஒரு புளியமரத்தைக் கண்டதும் அவர் நின்றுவிட்டாராம். "பிள்ளை, இது காட்டுப் புளி இல்ல. வைச்ச புளி. இது சோனக ஆக்கள் இருந்த வளவு. இஞ்சால ஒரு கிணறும் கிடக்கவேணும்" என்றிருக்கிறார். பற்றையை விலக்கிப் பார்த்தால் கிணற்றுக்கட்டு. தள்ளி ஒரு மாமரம், காட்டு மரங்களுக்கு இடையில் நெருக்குண்டு உயர்ந்து போய் நின்றது. மகள் தாளில் மரங்களை எல்லாம் பதிந்தாள். 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில், நட்ட புளி, நட்ட மா, பழைய கிணறு, முன்பு குடியிருப்பு என்றும் பதிந்தாள். சொன்னவரின் சம்மதத்தோடு, ஊர் மூதாட்டி ஒருவர் அடையாளம் காட்டியது என்றும் எழுதினாள்.

இதைக் கேட்டபோதுதான் என் இராப் பயத்தின் முட்டாள்தனம் விளங்கியது. நான் புள்ளியை நகர்த்தச் சொன்ன இருநூறு மீற்றரில் எங்கள் கிணறும் மறைந்து போயிருக்கும். காட்டை மறைக்கப் போய், நாங்கள் அங்கே வாழ்ந்ததற்கு நின்ற சாட்சிகளையும் மறைத்திருப்பேன். எரிந்துபோன பத்திரத்துக்குப் பதிலாக ஒரு புளியமரம் நின்று சாட்சி சொன்னது. அதைப் படித்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பெண்ணும் எழுதிவைக்க ஒரு முஸ்லிம் பெண்ணும் தேவைப்பட்டார்கள்.

கென்யாவில் 1977இல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து மரநடுகை இயக்கம் தொடங்கி, 2004இல் நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் அம்மையார், அந்தப் பெண்களைப் பட்டயம் பெறாத வனவியலாளர்கள் என்று அழைத்தார். படித்த அதிகாரிகள் இவர்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று சொன்னதற்கு அது பதில். என் உம்மாவையும் உன்னிச்சை அம்மாவையும் நான் அந்த வரிசையில் வைக்கிறேன். என் மகளுக்குப் பட்டமும் உண்டு. ஆனால் அவளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தவர்கள் பட்டமில்லாதவர்கள்.

சரி, அப்படியானால் அந்த மேடு யாருக்கு? காக்காவின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

காடு வளர்ந்துவிட்டது, இனி அது காட்டுக்கே என்று சொல்வது எனக்கு நீதியாகப் படவில்லை. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவன் இருபது வருடம் வராதது அவன் குற்றமல்ல. அந்த இல்லாமையையே காரணமாக்கி அவன் உரிமையை எடுப்பது, விரட்டியவன் செய்ததை முத்திரை குத்தி முடித்து வைப்பதாகும். அதேபோல, பத்திரம் எங்களுடையது, வெட்டுவோம் என்பதும் எனக்கு நீதியாகப் படவில்லை. அந்த முப்பது வருடத்தில் அங்கே குடியேறியவர்கள் வாய் பேசாதவர்கள். 2019இல் மாத்திரம் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 120க்கும் மேற்பட்ட மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் மோதி இறந்தார்கள். உன்னிச்சையில் யானை வேலியை முறிக்காத போகம் இல்லை. யானைக்கு நின்ற இடத்தையும் வெட்டினால் அது எங்கே வரும்? வயலுக்குத்தான் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவிக்கு இந்தப் பக்கம் வருகிறது. நாங்கள் விட்டு வந்த ஊரின் தண்ணீரைத்தான் நாங்கள் இங்கே குழாயில் பிடித்து வுழூச் செய்கிறோம். மேட்டில் வேர் மண்ணைப் பிடிக்காவிட்டால் மழை மண்ணைக் குளத்துக்குக் கொண்டுவந்து கொட்டும். குளம் தூர்ந்தால் வயலுக்கும் இல்லை, குழாய்க்கும் இல்லை. அந்தக் காடு எங்கள் எதிரி என்று நினைத்திருந்த காலமெல்லாம் அது எங்களுக்குத் தண்ணீர் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சிங்கராஜ ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு விடயம் எனக்கு இதில் உதவுகிறது. வனத்தின் எல்லையில் முன்பு நட்ட பைனஸ் தோட்டங்கள் இருந்தன. வெளிநாட்டு மரம், மண்ணுக்கு ஆகாது என்று எல்லோரும் வைத மரம். அதை ஒரேயடியாக வெட்டி எறியாமல், சில வரிசைகளை மட்டும் நீக்கி, விழுந்த வெளிச்சத்தில் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டுப் பார்த்தார்கள். அவை பைனஸின் அரை நிழலில் நன்றாக வளர்ந்தன. பைனஸ் செவிலித்தாயானது. 'எல்லாம்' அல்லது 'ஒன்றுமில்லை' என்று பேசுகிறவர்களுக்கு இந்த வழி தெரியாது. எந்த வரிசையை எடுப்பது, எதை விடுவது என்பது அளந்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

ஆகவே என் எண்ணம் இது. வயலும் குடியிருந்த வளவும் கிணறும் திரும்ப வேண்டும். அது உரிமை, பிச்சை அல்ல. மேட்டில் சேனை இருந்த பகுதி எங்களுடையது என்று முதலில் ஏற்கப்பட வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு, அதை வெட்டாமல் விட நாங்கள் உடன்பட வேண்டும். அதற்கு ஈடாக வேறிடத்தில் நிலமோ நட்டஈடோ கேட்க வேண்டும். பழமும் விறகும் எடுக்கும் பழைய உரிமை பெண்களுக்கு இருக்க வேண்டும். அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான். அமானிதத்தை ஏற்றவன் அதன் சொந்தக்காரன் அல்ல, அதைப் பற்றி அவனிடம் கேட்கப்படும். என்ன ஒப்படைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்காதவன் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வான்? இதில் காக்காவின் பிள்ளைகளுக்கு இழப்பு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. இழப்பில்லாத நீதியை இந்த விடயத்தில் என்னால் காண முடியவில்லை. இழப்பை யார் தலையிலும் தெரியாமல் கட்டக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

போன மாதம் காக்கா ஒரு மனுவோடு வந்தார். உன்னிச்சைக் காரர்கள் எல்லோரும் கையொப்பமிட்டு அதிகாரிகளிடம் கொடுக்க இருந்த மனு. நன்றாகவே எழுதியிருந்தார்கள். மூன்றாவது பந்தியில், "மேற்படி காணிகளில் தற்போது பற்றைக்காடு மாத்திரமே காணப்படுகிறது" என்று ஒரு வசனம். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி?"

"இது மெய் இல்ல காக்கா. அங்க காடு நிக்குது."

"காடு எண்டு எழுதினா காணி போயிரும்."

"பத்தை எண்டு எழுதி, அவங்க போய்ப் பார்த்தா, நம்மட சொல்லும் போயிரும். அதுக்குப் பிறகு கிணத்தச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

அந்த வசனத்தை வெட்டிவிட்டு மேலே எழுதினேன்: "மேற்படி காணிகள் 1990 வரை எங்கள் குடியிருப்பும் பயிர்நிலமுமாகும். நட்ட மரங்களும் கிணறுகளும் இன்றும் உள்ளன. நாங்கள் இல்லாத காலத்தில் அவற்றில் காடு வளர்ந்துள்ளது." அதன் கீழ் கையொப்பமிட்டேன். காக்கா மனுவை வாங்கி இரண்டு தரம் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழும்பும்போது மகளைக் கூப்பிட்டு, "அந்தப் புளி இப்ப காய்க்குதா புள்ள?" என்று கேட்டார்.

"காய்க்குது பெரியவாப்பா. ரெண்டு கொப்பு யானை முறிச்சிருக்கு. மத்தது நல்லா நிக்குது."

மனுவை அவர் என் திருத்தத்தோடு கொடுப்பாரா, பழைய வசனத்தோடு மறுபடி தட்டச்சுச் செய்து கொடுப்பாரா என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. மகள் நாளை வேறொரு புள்ளிக்குப் போகிறாள். அது யாருடைய காணியில் விழுந்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நாடாவையும் குறிப்பேட்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டு, ஸுபஹுக்கு எழுப்பிவிடச் சொல்லிப் படுத்துவிட்டாள்.